படுத்துக் குடித்த பதினேழு பேர்

தலைமைப் பண்பு என்ற ஒன்று என்னிடம் ஒரே ஒரு நாள் இருந்தது. காலை ஏழு மணிக்கு வந்தது, மத்தியானம் இரண்டு மணிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன், ஹெட்மாஸ்டராகக்கூட இருந்தேன். அது திரும்பி வரவில்லை. நானும் தேடவில்லை.

இதை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை, அலுத்துப்போய் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், ஞானஸ்நானம், புதுவீட்டுப் பிரதிஷ்டை எது நடந்தாலும் பந்தி முடிந்ததும் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். ஆளுக்குக் கொஞ்சம் கூட்டுவார்கள். போன கல்யாணத்தில் என் மச்சினன் மகன் சொன்ன கதையில் யானை வந்தது. யானை வரவில்லை. வரவில்லை வரவில்லை என்று சொல்லி எனக்கு வாய் வலித்துப்போயிற்று. எழுதி வைத்துவிட்டால் படித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்னால், டிரெயினிங் முடித்த கையோடு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடியில் ஒரு சிற்றூருக்கு மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராகப் போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அது வேதக்கோவில், மற்ற நாளில் பள்ளிக்கூடம். அதன் நடு உத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டது. நான் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து மாவு மாதிரிக் கொட்டும். ஐப்பசி மழை பிடித்தால் கூரை பிள்ளைகள் தலையில் இறங்கிவிடும் என்று ஊருக்கே தெரியும்.

மனு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு, கடைசியில் காட்டு இலாகா ஒரு வேங்கை மரத்துக்குப் பாஸ் கொடுத்தது. செண்பகத்தோப்புக்கு உள்ளே ஓடைக்கரையில் வெட்டிச் செதுக்கிப் போட்டிருந்தார்கள். இருபது அடி நீளம். குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இல்லையென்றால் மரம் டிப்போவுக்குத் திரும்பிவிடும், மறுபடி மனுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஹவில்தார் யேசுவடியானைச் சொல்லியாக வேண்டும். முதல் யுத்தத்தில் பாஸ்ரா வரைக்கும் போய் வந்த பென்ஷன்காரர். சபையில் அவர் செருமினால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அவருக்குப் பாக்கியம் என்று ஒரு மகள். ஞாயிற்றுக்கிழமை நான் பாட்டு எடுத்துக்கொடுக்கும்போது சுதி தப்புவதற்கு அவள்தான் காரணம். (அதற்கு முன்னாலும் தப்பிக்கொண்டுதான் இருந்தது என்கிறாள் பாக்கியம்.) என் அப்பா ராஜபாளையத்திலிருந்து வந்து முறைப்படி பெண் கேட்டார். ஹவில்தார் காப்பி கொடுத்தார், வெற்றிலை கொடுத்தார், பதில் மட்டும் கொடுக்கவில்லை.

“பையன் நல்லவருதான். படிப்பும் இருக்கு. ஆனா நாலு பேர வச்சு ஒரு காரியத்த முடிச்சு நான் பாக்கலியே. அந்த உத்திரம் வந்து சேரட்டும். பொறவு பேசுவோம்” என்று சொல்லிவிட்டார்.

ஆக, உத்திரம் வந்தால் பாக்கியம். வராவிட்டால் இரண்டும் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் ஊழியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். ‘வேதத்தில் தலைமைப் பாடங்கள்’ என்று தலைப்பு. ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் தமக்கும் எங்களுக்கும் சிரமமான ஒரு தமிழில் நடத்தினார். மோசே எப்படி வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தார், நெகேமியா எப்படி மதில் கட்டினார், யோசேப்பு எப்படித் தானியம் சேர்த்தார் என்று ஒவ்வொன்றாக வந்தது. இவர்கள் யாரையும் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் நிறைய உழைத்திருந்தார்கள். எனக்குப் பிடித்தவர் கிதியோன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிதியோன் சண்டைக்கு ஆள் சேர்த்தபோது முப்பத்திரண்டாயிரம் பேர் வந்தார்கள். ஆள் அதிகம் என்றார் கடவுள். பயப்படுகிறவன் போகலாம் என்றதும் இருபத்திரண்டாயிரம் பேர் கிளம்பிவிட்டார்கள். இன்னும் அதிகம் என்று சொல்லி, மிச்சம் பேரைத் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போய் எப்படிக் குடிக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். முழங்கால் போட்டுக் குனிந்து குடித்தவர்களெல்லாம் வீட்டுக்கு. கையில் அள்ளி, நாய் நக்குகிற மாதிரி நக்கிக் குடித்தவர்கள் முந்நூறு பேர்தான். அந்த முந்நூறு பேரை வைத்தே கிதியோன் ஜெயித்தார்.

‘கூட்டம் பலமல்ல. பொறுக்கி எடுக்கத் தெரிந்தவனே தலைவன்’ என்று நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டேன். பாதிரியார் சொன்னது முதல் வாக்கியம் மட்டும்தான். இரண்டாவது என் சொந்தச் சரக்கு.

பாஸில் குறித்த நாளும் வந்தது. ஹவில்தாரோடு சேர்த்து இருபத்து நாலு ஆள் வந்தார்கள். மாட்டுவண்டி கொடுத்தவர் பக்கத்து ஊர் நாயக்கர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், மாட்டிடம் இரண்டும் பேசுவார். வண்டிப்பாதை ஓடைக்கு ஒரு பர்லாங்கு முன்னாலேயே நின்றுவிடும். அந்த ஒரு பர்லாங்குக்குக் கல்லிலும் முள்ளிலும் மரத்தைத் தோளில் சுமந்து வண்டியில் ஏற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். இருபத்து நாலு பேர் சேர்ந்தால் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் முடிந்துபோகும்.

ஆனால் எனக்கு வேறு ஒரு சங்கடம் இருந்தது. நான் “எல்லாரும் வாங்க” என்றால் ஒருவரும் அசையவில்லை. ஹவில்தார் கைத்தடியை ஒரு தட்டுத் தட்டினால் இருபத்து மூன்று பேரும் நடந்தார்கள். நான் “இங்கன நில்லுங்க” என்றால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நின்றார்கள். இப்படியே போனால் மரத்தைக் கொண்டுவந்தது யார்? அவர். தான் கொண்டுவந்த உத்திரத்துக்கு எனக்கு எதற்குப் பெண் கொடுப்பார்? (இருபத்து மூன்று வயதில் என் மூளை இந்தத் திசையில்தான் ஓடியது.) கூட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். நோட்டு கையில் இருந்தது.

ஓடையில் தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. “எல்லாரும் தண்ணி குடிச்சுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, பென்சிலைத் தீட்டிக்கொண்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். ஹவில்தார் தோள்பையிலிருந்து பட்டாளத்து எனாமல் குவளையை எடுத்தார். மொண்டார். அண்ணாந்து, உதட்டில் படாமல் குடித்தார். குவளையை அடுத்தவரிடம் கொடுத்தார். அவரும் அண்ணாந்து குடித்தார். இப்படியே இருபத்து நாலு பேரும் வரிசையில் நின்று, ஒரு சொட்டு சிந்தாமல், அண்ணாந்து குடித்து முடித்தார்கள்.

அண்ணாந்து குடிக்கிறவனை என்ன செய்வது என்று வேதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கிதியோனின் ஆட்கள் எச்சில் பார்க்கிறவர்களாக இருந்திருந்தால் அந்த அதிகாரத்தையே வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். புத்தியுள்ளவன் அத்தோடு நோட்டை மூடியிருப்பான். நான் குவளையை வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று என் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு, “பாதையைச் செத்த நேரம் சுத்திப் பாத்துட்டு வந்துருவோம்” என்றேன்.

“பாத இந்தா இருக்கு. இதுல சுத்திப் பாக்க என்ன இருக்கு?” என்றார் ஹவில்தார்.

“முன்னேற்பாடு ஐயா.”

பட்டாளத்தில் இருந்தவருக்கு அர்த்தமில்லாத உத்தரவு புதிதல்ல. கைத்தடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தார். மொட்டை வெயிலில் எல்லோரையும் முக்கால் மணி நேரம் சுற்றவிட்டேன். தாகம் எடுக்க வேண்டுமே.

திரும்பி வந்தபோது யாரும் யார் சொல்லுக்கும் காத்திருக்கவில்லை. பதினேழு பேர் ஓடைக்கரையில் குப்புறப் படுத்து முகத்தைத் தண்ணீரில் வைத்துவிட்டார்கள். முதலில் படுத்தவர் ஹவில்தார். மிச்சம் ஏழு பேர் கையில் அள்ளிக் குடித்தார்கள். எதிரிமேல் ஒரு கண் வைத்திருக்கும் விழிப்பான வீரர்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்த ஏழு பேரில் மூன்று பேருக்கு இடுப்புப் பிடிப்பு, குப்புறப் படுக்க முடியாது. ஒருவருக்கு முழங்காலில் கட்டி. இரண்டு பேர் வயசாளிகள்; அதில் ஒருவர் தையற்காரர் ஏசுதாசன், புதுச் சட்டை நனையக் கூடாதென்று உட்கார்ந்தபடி அள்ளியவர். ஏழாவது ஆள் வேதமுத்து. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. இந்த விவரமெல்லாம் நோட்டில் ஏறவில்லை.

பாறைமேல் ஏறி நின்றேன். “கையில அள்ளிக் குடிச்ச ஏழு பேரு மட்டும் நில்லுங்க. மத்தவிய எல்லாம் வீட்டுக்குப் போகலாம்.”

ஹவில்தார் மீசையிலிருந்த தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டே கேட்டார். “என்ன சொல்லுதீரு?”

“ஆளு அதிகமா இருக்கு ஐயா. ஏழு பேரு போதும்.”

“மரம் அதே மரந்தான. அது கொறையலியே.”

“வேதத்துல இருக்கு ஐயா.”

“எங்கள வீட்டுக்குப் போகச் சொல்லியா?”

“படுத்துக் குடிச்சவியள” என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கைத்தடியை அக்குளில் இடுக்கி, காலைச் சேர்த்து நின்று, எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். “ஏலே, வாங்க. வாத்தியாரு உத்தரவு” என்று சொல்லிவிட்டு நடந்தார். மற்ற பதினாறு பேரும் அவர் பின்னால் போனார்கள். சோற்றுப் பெட்டிகளும் போயின. அதை நான் கவனிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஏழு பேர் நின்றார்கள். தையற்காரர் ஏசுதாசனுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஹவில்தாரை அனுப்பிவிட்டுத் தன்னை நிறுத்திக்கொண்டது அவர் வாழ்க்கையில் நடக்காத காரியம். “எங்கள எதுக்கு வச்சுக்கிட்டீரு வாத்தியாரே? வேதத்துல எங்களப் பத்தி என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். மூன்று நாள் பயிற்சி விடவில்லை. பையிலிருந்து வேதத்தை எடுத்து, விரல் வைத்து, நிறுத்தி நிதானமாக வாசித்தேன். நாய் நக்குகிற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன்.

“யாரு நாயி?” என்றார் ஏசுதாசன்.

“நாயி இல்ல, நாய் மாதிரி. அது ஒரு பெருமைதான்.”

“போனவன எல்லாம் ஆளுன்னு அனுப்பிட்டு, இருக்கவன நாயின்னு நிப்பாட்டியிருக்கீரு.” அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இடுப்புப் பிடிப்புக்காரர்கள் மூவரும் அதுவரை கண்டிராத வேகத்தில் எழுந்தார்கள். ஆறு பேரும் ஹவில்தார் போன வழியிலேயே போய்விட்டார்கள்.

கிதியோனுக்கு முந்நூறு பேர் மிஞ்சினார்கள். எனக்கு மிஞ்சியவர் வேதமுத்து, அவரும் நான் சொன்னது எதுவும் காதில் விழாததால். எல்லோரும் ஏதோ காரியமாகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மரத்தின் ஒரு முனையைப் பிடித்தபடி, மறுமுனையை நான் தூக்குவதற்காகக் காத்திருந்தார்.

ஆள் வரக் காணோமே என்று நாயக்கர் மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு ஓடைக்கே வந்துவிட்டார். மாடுகள் தண்ணீரில் இறங்கின. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு மாடுகளைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏமய்யா வாத்தியாரே, இதுக ரெண்டும் மூஞ்சிய வச்சில்லா குடிக்குது. இதுகளயும் வீட்டுக்கு அனுப்பிரணுமா?”

நானும் வேதமுத்துவும் முக்கினோம். அவர் முனை ஒரு விரற்கடை எழும்பியது. என் முனை எழும்பவில்லை. காட்டு இலாகா காவலாள் வந்து பார்த்துவிட்டு, “மரம் நவுந்த மாதிரி தெரியலியே வாத்தியார் ஐயா” என்றார். எங்கள் பக்கம் மலை மேற்கே நிற்பதால் சூரியன் நாலரை மணிக்கெல்லாம் மறைந்துவிடும். அப்போது மணி இரண்டு ஆகியிருந்தது.

மரத்தின்மேல் உட்கார்ந்தேன். பசித்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. மழை வந்தால் நனையப்போவது பிள்ளைகள். பாக்கியத்தின் வீட்டில் சாயங்காலம் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேதமுத்து அதைப் பார்த்துவிட்டு, நான் களைத்துப்போனேன் என்று எண்ணி, துண்டால் எனக்கு விசிறினார்.

எழுந்து அவர்கள் போன வழியிலேயே நடந்தேன். பதினேழு பேரும் ஊருக்குப் போயிருக்கவில்லை. கால் மைல் தள்ளி ஒரு மாந்தோப்பில் சோற்றைப் பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். தையற்காரர் கோஷ்டியும் அங்கேதான் இருந்தது, கொஞ்சம் தள்ளி. கமலைக் கிணற்றிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் ஹவில்தார் முன்னால் நின்றேன். வாய் திறந்தால் சத்தம் வரவில்லை. காலையிலிருந்து மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருக்கவில்லை.

“மொதல்ல தண்ணியக் குடியும்” என்றார் அவர்.

குவளை என் பைக்குள்தான் இருந்தது. அது நினைவில் இல்லை. கையும் நினைவில் இல்லை. வாய்க்காலைப் பார்த்ததும் அப்படியே குப்புற விழுந்து, காது வரைக்கும் முகத்தை உள்ளே விட்டுக் குடித்தேன். மூச்சு முட்டித் தலையைத் தூக்கினேன். இருபத்து மூன்று பேரும் சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பதினெட்டு” என்றார் ஹவில்தார்.

முதலில் சிரித்தவர் தையற்காரர். அவருக்குப் புரையேறி இன்னொருவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. எல்லோரும் சிரித்து அடங்கும்வரை நான் வாய்க்கால் ஓரத்தில் மண்டி போட்டபடியே இருந்தேன். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“தப்புப் பண்ணிட்டேன் ஐயா. எல்லாரும் வரணும். நீங்க வரலைன்னா மரம் வராது” என்றேன்.

“நாயின்னு சொன்னதுக்கு?” என்றார் ஏசுதாசன்.

“அது நான் சொல்லல, வேதத்துல...” என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டு, “அதுக்கும் சேத்துத்தான்” என்றேன்.

ஹவில்தார் கை கழுவிக்கொண்டு எழுந்தார். “ஓடைல கெடக்க உத்திரத்த நாங்க எடுத்துக்கிடுதோம். உம்ம கண்ணுல ஒண்ணு கெடக்கே, அத நீரு எடுத்துப் போடும்.” (தன் கண்ணில் உத்திரம் கிடக்க, அடுத்தவன் கண்ணில் துரும்பு தேடுகிறவனைப் பற்றியும் வேதத்தில் இருக்கிறது. பயிற்சியில் அதைப் பாடமாக வைக்கவில்லை.) பிறகு ஒரு உருண்டைச் சோற்றை என் கையில் வைத்தார். எண்ணெயில் குழைத்த பருப்புப்பொடிச் சோறு, பாக்கியம் கட்டிக்கொடுத்தது என்று பிற்பாடு தெரிந்தது. நடந்துகொண்டே தின்றேன்.

மரம் நாலு மணிக்கு வண்டி ஏறியது. ஆளைக் கொஞ்சம் முன்னும் பின்னும் மாற்றி நிறுத்தி, ஏலேலோ போட்டு, ஹவில்தார்தான் தூக்க வைத்தார். என்னை நடுவில் நிறுத்தினார்கள். நான் குள்ளம். முன்னாலும் பின்னாலும் நெட்டையான ஆட்கள். மரம் என் தோளுக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் போயிற்று. ஒரு பர்லாங்கு தூரமும் நான் உத்திரத்துக்கு அடியில் வெறுந்தோளோடு நடந்து வந்தேன். கையை உயர்த்தித் தாங்குகிற மாதிரி வைத்துக்கொண்டேன், அதையும் பார்த்துவிட்டார்கள். “வாத்தியாரு நெழலுக்கு வாராரு, வெயில் படாமத் தூக்குங்கலே” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

மறுநாள் பையைத் திறந்தபோதுதான் குவளையைப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்கப் போனேன். வாசலில் வாங்கிக்கொண்டவள் பாக்கியம். அதுவரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. குவளையை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்.

“தண்ணி இதுல தரட்டா, வாய்க்காலுக்குப் போறியளா?”

உள்ளேயிருந்து ஹவில்தாரின் செருமல் கேட்டது. “வாத்தியாரே, ஒம்ம அப்பாவ வரச் சொல்லும். ஆள வச்சு வேல வாங்க ஒமக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. ஆனா வந்து கேட்டீரு. எனக்குத் தெரிஞ்சு பட்டாளத்துல ஒரு ஆபீசரும் வந்து கேட்டதில்ல.”

அதன்பின் எங்கள் வீட்டில் யார் புது மாப்பிள்ளையாக வந்தாலும் முதல் காரியம் ஒரு செம்புத் தண்ணீர்தான். அவர் குடித்து முடிக்கும்வரை வீடே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கும். காரணம் தெரியாமல் பயந்துபோய்ப் பாதித் தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு இதெல்லாம் அலுத்துவிட்டது. பாக்கியத்துக்கு இன்னும் அலுக்கவில்லை.

இரண்டாவது யுத்தம் முடிந்த மறுவருஷம் ஹவில்தார் மாமா படுத்துவிட்டார். எழுந்து உட்காரப் பலமில்லை. ஒருநாள் காலையில் பாக்கியம் அதே எனாமல் குவளையில் தண்ணீர் எடுத்துவந்து கரண்டியால் அவர் வாயில் விட்டாள். இரண்டு கரண்டி இறங்கியது. தலையைத் திருப்பி என்னைத் தேடினார்.

“மாப்ள, படுத்துத்தான் குடிக்கேன். அனுப்பிராதீரும்.”

நான் அனுப்பவில்லை. இரண்டு நாள் கழித்து அவராகத்தான் போனார்.

அடக்கத்தன்று கோவிலிலிருந்து பெட்டியை எடுத்தோம். அந்த உத்திரத்துக்கு அடியில் வைத்துத்தான் ஜெபம் நடந்தது. மருமகன் என்பதால் தூக்குகிறவர்களில் நானும் ஒருவன். முன்னாலும் பின்னாலும் அதே நெட்டை ஆட்கள், கொஞ்சம் நரைத்திருந்தார்கள். பெட்டி என் தோளுக்கு எட்டவில்லை. கையை உயர்த்தி வைத்துக்கொண்டேன், அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பத்தடி போயிருப்போம். ஓரமாக நடந்துவந்த வேதமுத்து நின்று பார்த்தார். தன் துண்டை எடுத்து நாலாக மடித்து, அதையும் சுருட்டி, என் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவே செருகினார். மாமாவின் பாரம் என்மேல் இறங்கியது. கல்லறை வரைக்கும் சுமந்தேன்.

இதைப் பந்தியில் யாரும் சொல்வதில்லை. யானையைத்தான் சொல்கிறார்கள்.